மாக்கோலமும் அரைப்படி நெல்லும்

மாட்டுக்கறியைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். கவிதை எழுதினோம், கருத்தரங்கு நடத்தினோம், விடுதிகளில் விருந்து வைத்துப் பார்ப்பனியத்தை முகம் சுளிக்க வைத்தோம். செய்ய வேண்டியதுதான், இன்னும் செய்வோம். ஆனால் சாப்பிட்டதைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், சாப்பிடக் கிடைக்காததைப் பற்றி ஏன் பேசாமல் விட்டோம்? தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள் என்ற முறையில் நான் மாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மாவா, அதுல என்னா அரசியல் இருக்குன்னு கேட்கிற தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு மட்டுமில்லை. "ரேசன்ல அரிசியச் சும்மா குடுத்து, கிரைண்டரையும் குடுத்து, சேரிப் பொம்பளைவோ எல்லாம் காலையில இட்லி சுட்டுத் தின்னுட்டுக் குந்தியிருக்காளுவோ, நடவுக்கு ஆளு எங்கேருந்து வரும்?" என்று டீக்கடை பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும் பேசுகிறார்களே எங்கள் பக்கத்து நிலக்காரர்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். அரிசி கொடுத்ததுகூட அவர்களுக்கு அவ்வளவு பெரிய வயிற்றெரிச்சல் இல்லை. இட்லிதான் எரிகிறது. சேரிக்காரி கஞ்சி குடிக்கலாம், பழையது குடிக்கலாம். மாவு அரைத்து, ஒரு ராத்திரி புளிக்க வைத்து, காலையில் ஆவி பறக்க எடுத்துப் பிள்ளைக்கு வைக்கலாமா?

நெல் விளைகிற சீமையில் எல்லோர் வீட்டிலும் மாவு இருந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சோழ நாடு சோறுடைத்து என்று பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். மாவு என்பது மிச்சம். மிச்சமாக அரிசி இருக்க வேண்டும், மிச்சமாகப் பொழுது இருக்க வேண்டும், வேலை முடித்து வந்த உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்த வீட்டில்தான் மாவு இருந்தது. பண்ணையாள் வீட்டில் இந்த மூன்றையும் மிராசுதார் காலையிலேயே வாங்கிக்கொண்டார்.

எங்கள் அப்பாயி காலத்தில் கூலி நெல்லாகத்தான் வந்தது. மரக்கால் கணக்கு, படிக் கணக்கு. கொள்ளுற மரக்கால் வேற, குடுக்குற மரக்கால் வேற என்று அப்பாயி சொல்லும். அளக்கிறவன் கை மரக்காலுக்குள்ளே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்குமாம், பேச முடியாது. பேசினால் ஆண்டைக்குக் கோபம் வரும். களத்தில் தூற்றி நல்ல நெல்லைப் பத்தாயத்துக்கு அனுப்பிவிட்டு, கருக்காயும் பதரும் கலந்ததைத்தான் கூலிக்கு அளப்பார்கள். அந்த நெல்லை முந்தியில் முடிந்துகொண்டு பொழுது சாய வீட்டுக்கு வந்தால், அது இன்னும் சோறு ஆகவில்லை. குத்த வேண்டும். மழைக்காலத்தில் நெல் ஈரமாக இருக்கும், உரலில் போட்டால் மசிந்துவிடும். அதனால் சட்டியில் போட்டு வறுத்து, சூடு ஆறுவதற்குள் குத்திப் புடைத்து, நொய்யும் குருணையுமாக உலையில் போடும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். எழுப்பி ஊட்டுவார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். படிக்கணக்கில் அளந்தால் நெல்லில் ஏறக்குறையப் பாதிதான் அரிசி, மீதி உமியும் தவிடும். கருக்காய் கலந்த நெல்லில் அந்தப் பாதியும் தேறாது. அந்த அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து மாவாக்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது?

தீபாவளிக்கு ஒரு நாள். அதுக்கு முந்தின நாள் ராத்திரி எங்கள் தெருவில் ஆட்டுக்கல்லுக்கு வரிசை நிற்கும். தெருவுக்கே இரண்டு கல்தான் இருந்தது. விடிய விடியக் குழவிச் சத்தம் கேட்கும். நானும் கை மாற்றி அரைத்திருக்கிறேன், பத்து வயதில். குழவியைச் சுற்றுவது ஒரு கை, மாவைத் தள்ளிவிடுவது ஒரு கை, கண்ணில் தூக்கம். இட்லி என்பது எங்களுக்கு ஒரு பலகாரத்தின் பேர் இல்லை, ஒரு தேதியின் பேர்.

இதே ஜில்லாவில் இதே அரிசி மாவு தினமும் விடியற்காலையில் தரையில் கொட்டப்பட்டது. மாக்கோலம். மார்கழி மாதம் பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் அதைப் பற்றிக் கட்டுரை வராத வருஷம் கிடையாது. தமிழ்ப் பண்பாட்டின் ஜீவகாருண்யத்தைப் பாரீர், கல்மாவில் போடாமல் அரிசி மாவில் போட்டார்கள், ஏன் தெரியுமா, எறும்புக்கும் குருவிக்கும் உணவிட வேண்டும் என்பதற்காக. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி எழுதுகிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த அரிசியை விளைவித்தவள் அந்தக் கோலத்தைப் பார்த்திருக்கிறாளா? அக்கிரகாரத்து வாசலில் விழுந்த மாவை எறும்பு தின்னலாம், குருவி கொத்தலாம். எறும்பு ஊர்ந்த அந்தத் தெருவில் எங்கள் அப்பாயி நடக்க முடியாது. சாணிக் கூடையைக் கொல்லைப்பக்கம் கொண்டு போய் வைத்துவிட்டு, கொல்லை வழியாகவே வந்துவிட வேண்டும். எறும்புக்குப் படியளந்த புண்ணியவான்கள் ஏன் எங்களுக்குப் படியளக்கும்போது மட்டும் மரக்காலுக்குள் கையை விட்டார்கள்?

1968ஆம் வருஷம் டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் என்றுதான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எங்கள் கணக்கில் அது மார்கழி. கோலங்கள் பெரிதாகப் போடப்படுகிற மாதம். அந்த ராத்திரிதான் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், பிள்ளைகள், வயசாளிகள். அதற்கு முந்தைய வருஷங்களில் நடந்தது கூலிப் போராட்டம். கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள்: அரைப்படி நெல் என்றால் கால்படி அரிசி. ஒரு நல்ல மாக்கோலத்துக்கு ஊறவைக்கிற அரிசியோடு இதை ஒப்பிட்டால் யார் சண்டைக்கு வருகிறார்கள் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷம், 1967இல், ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்த ஒரு படியைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கொடுக்கவும் ஆரம்பித்தது. தப்பென்று சொல்லவில்லை, நகரத்துக் கூலிக்காரனும் சாப்பிட வேண்டும். ஆனால் படி அரிசி ஓட்டாக மாறிய அதே காலத்தில், அதை விளைவித்தவர்கள் அரைப்படி நெல் கேட்டு எரிந்தார்கள். எரிந்த பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969இல் கீழத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்களுக்கு எப்போதும் சாம்பலுக்குப் பிறகுதான் சட்டம்.

கீழ்வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிப் படுகொலையா என்ற பழைய சண்டைக்குள் நான் இப்போது போகப் போவதில்லை. தோழர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த ஊர்களுக்கு பி. சீனிவாசராவ் வந்திராவிட்டால் அப்பாயி நிமிர்ந்து நின்றிருக்காது. ஆனால் கூலி என்று மட்டும் சொல்லும்போது அந்த அரைப்படி நெல் யார் உரலில் விழுந்தது, யார் கையில் இடிபட்டது, யார் தெருவுக்குள் போக முடியாமல் நின்றது என்பதெல்லாம் விட்டுப் போகிறது. நெல்லுக்குச் சாதி இல்லை என்பார்கள். நெல்லுக்கு இல்லைதான். அதில் தண்ணீர் பட்டவுடன் வந்துவிடுகிறதே, அதை என்ன சொல்வது? அதற்குப் பின்னால் வருகிறேன்.

நீதிமன்றங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்மணி வழக்கில் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பணக்கார மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2018 நவம்பரில், அதே உயர் நீதிமன்றத்தில் ரேஷன் அரிசிக் கடத்தல் தொடர்பான ஒரு வழக்கில் இன்னொரு அமர்வு கருத்துச் சொன்னது: எல்லோருக்கும் இலவசமாக அரிசி கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள், வேலைக்கு வட மாநிலங்களிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், ஒட்டுண்ணிக் கூட்டத்தை உருவாக்குகிறோமா என்று கேட்டது. கேட்ட அமர்வில் இருந்தவர் நீதிபதி கவாய். நம்மில் ஒருவர் அங்கே உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைக்கிற நண்பர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். முதலாளி நடந்து போவார் என்று நம்ப முடியாத நீதி, கூலிக்காரி உட்கார்ந்திருப்பாள் என்பதை மட்டும் சாட்சி இல்லாமலே நம்புகிறது.

கிரைண்டருக்கே ஒரு வழக்கு நடந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? தி.மு.க. கொடுத்த டி.வி., அ.தி.மு.க. அறிவித்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் லஞ்சம் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு, 2013 ஜூலையில் தீர்ப்பு. தேர்தல் அறிக்கையில் சொல்வது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொன்ன நீதிமன்றம், தேர்தல் கமிஷன் நெறிமுறை வகுக்கட்டும் என்றும் சொன்னது. ஏற்கெனவே 2008இல் ரூபாய்க்கு ஒரு கிலோ, 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. அதே வருஷம் செப்டம்பர் 15இல் கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். அரிசி அட்டை உள்ள ஒரு கோடியே 80 லட்சம் குடும்பங்களுக்கு என்று கணக்கு. ஜெயலலிதா கொடுத்தார், கலைஞர் கொடுத்தார் என்று நான் மாலை போட வரவில்லை. ஓட்டுக்குத்தான் கொடுத்தார்கள். ஓட்டு எங்களுடையதுதானே?

கிரைண்டர் சேரிக்கு வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. கிரைண்டர் ஓட பிளக் வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு மனை நம் பெயரில் இருக்க வேண்டும். நாங்கள் குடியிருந்தது மிராசுதார் மனையில். எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே குடிசையைப் பிரித்துப் போடலாம். 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்தது. சட்டம் வந்தாலும் பட்டா கைக்கு வர எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை எங்கள் தெருக் கிழவர்களிடம் கேளுங்கள். பிறகு ஒற்றை பல்பு வந்தது. ஒற்றை பல்பு சர்வீஸில் கிரைண்டர் ஓட்ட முடியாது. காங்கிரீட் வீடு, மீட்டர், அப்புறம்தான் கிரைண்டர். கோயம்புத்தூரில் 1950களிலேயே கண்டுபிடித்துவிட்ட ஒரு இயந்திரம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் வருகிறது. பாரம்பரியக் கூட்டம். "ஆட்டுக்கல்லுல அரைச்ச மாவுக்கு ஈடு உண்டா? அந்தக் காலத்துப் பொம்பளைங்க உரலும் உலக்கையும் பிடிச்சதாலதான் சுகப்பிரசவம் ஆச்சு." சொல்கிறவர்கள் ஆண்கள், அல்லது ஆள் வைத்து அரைத்த வீட்டுப் பெண்கள். எங்கள் அப்பாயி நாள் பூராவும் நடவு நட்டுக் குனிந்து, ராத்திரி உலக்கை பிடித்து, பெற்ற எட்டில் மூன்றுதான் தங்கியது. கைக்குத்தல் அரிசி என்று சொல்லி நகரத்துக் கடையில் பளபளப்பான பையில் விற்கிறார்கள். யார் கை என்று அந்தப் பையில் அச்சிடுவார்களா?

சோம்பேறி என்ற பேச்சுக்குத் திரும்புகிறேன். காவிரிக் கரையில் அறுவடைக்கு மிஷினைக் கொண்டுவந்தது யார்? நாங்களா? கூலி கேட்டு நிற்கிற கூட்டத்தைவிட மிஷின் வாடகை மேல் என்று மிராசுதார்தான் முடிவு செய்தார். தண்ணீர் வராமல் குறுவை போன வருஷங்களில் எங்கள் ஆட்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனபோது யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. 2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் ஆரம்பித்தபோது முதல் கட்டத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டம் இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முறையாக எங்கள் பெண்கள் இன்னொரு கூலியைக் கையில் வைத்துக்கொண்டு நிலக்காரரிடம் "இவ்வளவுன்னா வாறோம், இல்லன்னா இல்லங்க" என்று சொன்னார்கள். அதிலிருந்துதான் இந்தச் சோம்பேறிப் பட்டம். வீட்டில் 20 கிலோ அரிசியும் ஒரு பாத்திரம் மாவும் இருக்கிறவள் களத்தில் நின்று கெஞ்ச மாட்டாள். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பெயரில் சொல்கிறார்கள்.

இப்போது தண்ணீர் விஷயம். காய்ந்த தானியத்தில் தீட்டு இல்லை என்பது சாதிக்காரர்கள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்ட சாஸ்திரம். இல்லாவிட்டால் நாங்கள் நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்த நெல்லை அவர்கள் எப்படித் தின்பது? எங்கள் கால் மிதித்த நெல் சுத்தம், எங்கள் கை ஊறவைத்த அரிசி தீட்டு.

எங்கள் அக்காவுக்கு அரசாங்கக் கிரைண்டர் வந்த அடுத்த வருஷம், மாவு அரைத்து விற்கலாம் என்று நினைத்தது. ரேசன் அரிசியில் இல்லை, கடையில் இட்லி அரிசியும் உளுந்தும் வாங்கித்தான். பெரிய தெருவில் ஒரு பெட்டிக்கடையில் பேசி, காலை பத்துப் பாக்கெட், சாயங்காலம் பத்துப் பாக்கெட் கொடுத்தது. ஒரு மாசம் நன்றாகப் போயிற்று. மாவு பூப்போல இருக்கு என்று வாங்கியவர்களே சொன்னார்களாம். பிறகு ஒரு நாள் கடைக்காரர், பாவம் கெட்டவரில்லை, "மாவு நல்லாத்தாம்மா இருக்கு. நாளையிலேர்ந்து வேணாம். எந்தத் தெருலேருந்து வருதுன்னு கேக்குறாங்க" என்றார். அக்கா சண்டை போடவில்லை. இருபது பாக்கெட்டையும் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தது. அடுத்த வாரம் அதே கடையில் குளிர்பெட்டி வைத்துக் கம்பெனி மாவு விற்றார்கள். எந்த ஊரில், யார் ஊறவைத்து, யார் அரைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாக்கெட்டில் முகவரி இருந்தது, தெரு தெரியவில்லை. அது போதும் அவர்களுக்கு.

அதுவும் எல்லோருக்கும் போதாது. பெங்களூரில் ஒரு முஸ்லிம் குடும்பத்துச் சகோதரர்கள் 2005இல் ஆரம்பித்த ஐடி ஃபிரெஷ் என்ற மாவுக் கம்பெனி பெரிதாக வளர்ந்தது. 2021இல் அதன் மேல் வாட்ஸ்ஆப்பில் ஒரு புரளி கிளப்பினார்கள், இட்லி மாவில் மாட்டு எலும்பு கலக்கிறார்கள் என்று. கம்பெனி மறுத்தது. அரிசியும் உளுந்தும் வெந்தயமும் தண்ணீரும் சேர்ந்த மாவில் மாடு எப்படி வந்தது? அரைத்த கையின் மேல் உள்ள வெறுப்பு வழியாகத்தான் வந்தது. மாட்டுக்கறியைப் பற்றி எழுதுகிற நண்பர்கள் மாவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

2023 ஆகஸ்ட் 25இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கியது எங்கே தெரியுமா? திருக்குவளையில். கீழ்வெண்மணி இருக்கிற அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில். ரவா உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி, பொங்கல். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போன தலைமுறையில் பிறந்தவள் நான், அந்தத் திட்டத்தை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வாரம்கூட ஆகவில்லை. கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும், தலித் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோர் கிளம்பினார்கள். அதற்கு முன்பு 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சத்துணவு சமைத்த அருந்ததியர் பெண்ணை விரட்டினார்கள், அதிகாரிகளும் சேர்ந்து இடமாற்றம் செய்தார்கள், போராட்டம் நடந்த பிறகுதான் திரும்ப அதே பள்ளிக்கு வந்தார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

2023இல் இரண்டு ஊரிலும் பெரிய மனிதர்கள் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஓர் ஊரில் கலெக்டர், இன்னோர் ஊரில் அமைச்சரும் எம்.பி.யும். படம் வந்தது. நல்ல மனசோடுதான் வந்தார்கள், சந்தேகமில்லை. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் கூசுகிறது. எங்கள் பெண் கிண்டிய உப்புமா சுத்தம் என்பதற்கு ஒரு கலெக்டர் வாய் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே. கலெக்டர் சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அந்த அடுப்பைப் பற்றவைக்க அவள்தான் தனியாக அந்தத் தெரு வழியே போக வேண்டும். அவள் போகிற வழியில் நிற்பவர்கள் மேல் வழக்கு போடுங்கள். வழக்கு முடிகிற வரைக்கும் அவளை ஒரு நாள்கூட இடமாற்றம் செய்யாதீர்கள். சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளையின் அப்பனைக் கூப்பிட்டு, அவன் வீட்டு அரிசி எந்த வயலில் இருந்து, யார் கை வழியாக வந்தது என்று எழுதி வாங்குங்கள். அக்கா அரைத்த மாவை நிறுத்தச் சொன்ன பெரிய தெருக்காரர்களிடமும் அதையே எழுதி வாங்க வேண்டும், அந்த வயலில் நட்டவர்களில் அக்காவும் ஒரு ஆள்.